பீரோவுக்குள் இருக்கும் கிண்ணங்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி நுண்கலை மன்றத்தார் மாணவர் கைவினைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார்கள். நண்பர்களுக்கு நினைவிருக்கும். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்றே பத்துப் பதினைந்து பெயர்கள் சேர்ந்துவிட்டன. பனையோலைப் பெட்டி, பூத்தையல், கண்ணாடி ஓவியம், தீக்குச்சியால் கட்டிய கோபுரம் என்று ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அந்தப் பலகைக்கு முன்னால் மூன்று நாள் நின்று நின்று திரும்பினேன். என் பையில் ஒரு கிண்ணம் இருந்தது. பூவரச மரத்தில் நானே கடைந்தது. அதைப் பையிலிருந்து வெளியே எடுக்க என் கை வரவில்லை.

இது என் ஒருவனுடைய கூச்சம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு எனக்குக் கடைசல் கற்றுக் கொடுத்த பெரியவரிடம் போய், "சார், உங்கள் கிண்ணங்கள் பத்தைக் கொடுங்கள், கண்காட்சியில் வைக்கிறேன்" என்று கேட்டேன். அவர் தபால் துறையில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் அரைக் குதிரைத்திறன் மோட்டாரோடு ஒரு சிறிய கடைசல் எந்திரம் வாங்கி, வீட்டுப் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, பதினோரு ஆண்டுகளாகக் கடைந்து வருகிறார். கடைந்தவற்றைச் செய்தித்தாளில் சுற்றி இரும்புப் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒருநாள் தூசி தட்டும்போது எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று கிண்ணங்கள். அவர் மகள், மருமகன், அடுத்த வீட்டார் எவரும் அவற்றை முழுதாகப் பார்த்ததில்லை. நான் கேட்டதும் பீரோச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் இன்னும் முடியல தம்பி" என்றார். எல்லாமே மெருகு போட்டு முடித்தவை. பின் ஏன் அப்படிச் சொன்னார்?

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. இதை அடக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. பொழுதுபோக்காக மரம் கடைபவர்கள் தம் கைவேலையைக் காட்டத் தயங்குவதற்கு மரத்தின் இயல்பிலேயே சில காரணங்கள் இருக்கின்றன. பார்ப்பவர்களிடம் சில இருக்கின்றன. நம் வீடுகளில் வேறொன்று இருக்கிறது.

முதலில் கடைசல் என்றால் என்னவென்று தெரியாத நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. தயிர் கடைவதும் மரம் கடைவதும் தமிழில் ஒரே வினைச்சொல். அது பொருத்தமே. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பது போலத்தான் பழைய கடைசல் எந்திரத்திலும் கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். இப்போது அந்த இழுப்பை மோட்டார் செய்கிறது. தச்சரிடம் மரம் அசையாது கிடக்கும், உளி நகரும். கடைசலிலோ மரம் சுழலும், உளி ஏறக்குறைய நிற்கும். கட்டில் கால், தொட்டில் கட்டை, பம்பரம், பூரிக் கட்டை, மத்து, நடைவண்டிச் சக்கரம் எல்லாம் இப்படிப் பிறந்தவை. எங்கள் மாவட்டத்து அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களையும், கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளையும் பார்த்திருப்பீர்கள். சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போல் மின்னும். உராய்வை வீணாகும் ஆற்றல் என்று படித்துவிட்டு வருகிற நமக்கு, அதைக் கொண்டே ஒரு தொழில் நடப்பதைப் பார்ப்பது நல்ல பாடம்.

இவர்கள் தொழிலாளர்கள். இவர்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. அந்திக்குள் இத்தனை டஜன் முடிய வேண்டும், வியாபாரி எண்ணி எடுத்துப் போவார், யார் செய்தது என்று எவரும் கேட்கமாட்டார்கள். இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் பகுதியில் ஜார்ஜ் லெய்லி என்று ஒருவர் இருந்தார். காலால் மிதித்து ஓட்டும் எந்திரத்தில், ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களை எடுக்கும் பழைய வித்தையை அறிந்த கடைசிக் கைகளில் அவர் கை ஒன்று. 1958-இல் காலமானார். அவருடைய எந்திரமும் கருவிகளும் ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் கிண்ணம் செய்தது விற்க. தயங்கியிருந்தால் அடுப்பு எரிந்திருக்காது.

பொழுதுபோக்குக் கடைசல் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் அது அரசர்களும் செல்வர்களும் விளையாடிய விளையாட்டு. ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் தம் அரண்மனையில் கடைசல் கூடம் வைத்து, ஆந்திரே நார்த்தோவ் என்ற வல்லுநரோடு தாமே கடைந்தவர். கடைசல் கலையைப் பற்றி 1701-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. (நம் கோயில் வாசல்களில் நிற்கும் ஈழத்தலரிக்குத் தாவரவியலார் வைத்த 'ப்ளூமேரியா' என்ற பெயர் இவரை ஒட்டியதே. தாவரவியல் துறை நண்பர்கள் கவனிக்க!) பின்னர் லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் செல்வர்களுக்கென்றே விலையுயர்ந்த அலங்காரக் கடைசல் எந்திரங்களைச் செய்து விற்றார்கள். அந்த எந்திரங்களை வைத்திருந்தவர்கள் எதையும் விற்க வேண்டியதில்லை. அதனால் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் சிறு மோட்டார்களும் மலிவான எந்திரங்களும் வந்தபின் அந்த விளையாட்டு எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இறங்கி வந்தது. எங்கள் தபால்காரச் சார் வரைக்கும்.

சரி, தயக்கத்துக்கு வருவோம்.

பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7.9 மீட்டர். மணிக்கு 28 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் மரத்தின் மேல் நாம் உளியின் கூரை வைக்கிறோம். கோணம் சற்றுப் பிசகினால் உளி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஒரே சுற்றில், அதாவது வினாடியில் பதினேழில் ஒரு பங்கு நேரத்தில், இரண்டு நாள் வேலை போய்விடும். சில சமயம் கிண்ணமே பிடியிலிருந்து கழன்று தகரத்தில் மோதும். முதல் தடவை அது நடந்தபோது என் முழங்கால் ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் டேவிட் பை. தாமும் மரம் கடைந்தவர். 1968-இல் வந்த தம் நூலில் கைவேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, விளைவு முன்கூட்டியே உறுதியாகிவிட்ட வேலை. மற்றொன்று, முடியும் வரைக்கும் எந்நொடியிலும் கெட்டுப்போகக்கூடிய வேலை. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், துளையிட்ட உருளையை உருட்டிக் கோலம் போடுவது முதல் வகை; பனி பெய்யும் மார்கழி விடியலில் கையால் இழை இழுப்பது இரண்டாம் வகை. கடைசல் இரண்டாம் வகையின் உச்சி எனலாம். ஏனென்றால் இங்கே தவற்றை ஒட்டுப் போட முடியாது. களிமண்ணாக இருந்தால் மறுபடி பிசையலாம். ஓவியமாக இருந்தால் மேலே பூசலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். தவற்றை மறைக்க ஒரே வழி, இன்னும் கொஞ்சம் கடைந்து பொருளைச் சிறிதாக்குவது.

இங்கேதான் வெளியாருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. கடைபவன் காட்டும் கிண்ணம் அவன் மனத்தில் இருந்த கிண்ணம் அன்று. பெரும்பாலும் அது ஒரு பெரிய கிண்ணத்தின் மிச்சம். என் பூவரசக் கிண்ணம் முதலில் அகன்ற விளிம்போடு தொடங்கியது. விளிம்பில் உளி கவ்வியது. விளிம்பை வெட்டினேன். வெளிச்சுவரில் ஒரு பள்ளம் விழுந்தது. அதையும் கடைந்து எடுத்தேன். கடைசியில் கையில் நின்றது ஒரு ரசக் கிண்ண அளவு. பார்ப்பவர் "அழகான சின்னக் கிண்ணம்" என்பார். எனக்கோ அந்தச் சின்னம் என்ற சொல்லே மூன்று தவறுகளின் கணக்கு. சாரின் பீரோவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. "முடியல" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு மெல்ல விளங்கியது.

அடுத்து, மரம் ரேகையுள்ள பொருள். கிண்ணம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி இரண்டு இடத்தில் ரேகைக்கு இசைந்தும், இரண்டு இடத்தில் எதிர்த்தும் வெட்டுகிறது. எதிர்க்கும் இடங்களில் நார் பிய்ந்து சொரசொரப்பாக நிற்கும். உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம் என்று தோன்றும். 80-இல் தொடங்கி 120, 180, 240, 320 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே இருக்கும். வேடிக்கை என்னவென்றால் அது வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயோ மெருகோ போட்டவுடன்தான் வளையம் வளையமாக எழுந்து நிற்கும். வேலை முடிந்துவிட்டது என்று மகிழ வேண்டிய அந்த நிமிடமே குற்றம் வெளிப்படும் நிமிடமாகவும் ஆகிறது. தேர்வு முடிந்து வெளியே வந்தபின் விடை நினைவுக்கு வருவது நமக்கெல்லாம் தெரிந்ததே. ஏறத்தாழ அதுதான்.

கடைசல் தெரிந்தவர் ஒரு கிண்ணத்தைக் கையில் வாங்கினால் என்ன செய்வார் தெரியுமா? உள்ளே பார்க்கமாட்டார். கவிழ்ப்பார். அடிப்பாகத்தைப் பெருவிரலால் தடவுவார். கிண்ணத்தைப் பிடித்துச் சுழற்றிய திருகாணித் துளையோ, பிடிப்பின் தடமோ, தேய்க்காமல் விட்ட நடுப்புள்ளியோ அங்கேதான் இருக்கும். சோம்பலும் அவசரமும் ஒளிந்துகொள்ளும் இடம் அது. தெரியாதவர் பாராட்டினால் பயனில்லை, தெரிந்தவர் கவிழ்ப்பாரோ என்று பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பீரோ பூட்டப்படுகிறது.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் குறையில்லாத ஒன்றைச் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அது அப்படியே இருக்குமா? இருக்காது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

வெட்டிய புதிதில் மரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கும். நாரின் உட்குழலில் நிற்கும் நீர் ஒன்று. நாரின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் இன்னொன்று. குழலில் உள்ள நீர் போகும்வரை மரம் சுருங்காது, எடை மட்டும் குறையும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ முப்பது சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரின் நீர் வெளியேறத் தொடங்கும், மரமும் சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லை. ரேகையின் நீளத்தில் அநேகமாக இல்லவே இல்லை. குறுக்கே உண்டு, அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மிகுதி. தேக்கு அடக்கமான மரம். அதுவே முழு ஈரத்திலிருந்து முற்றும் உலரும்போது வளையத்தின் திசையில் 5.8 சதவிகிதமும், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.5 சதவிகிதமும் சுருங்குகிறது. வீட்டுக் காற்றில் ஈரம் பன்னிரண்டு சதவிகிதத்தில் நின்றுவிடும் என்று கொண்டால், முப்பதிலிருந்து பதினெட்டுப் புள்ளி இறக்கம். அப்போது வளையத் திசைச் சுருக்கம் சுமார் 3.5 சதவிகிதம். பதினைந்து சென்டிமீட்டர்க் கிண்ணத்தில் அது ஐந்து மில்லிமீட்டருக்கு மேல்! ஒரு விட்டம் அப்படியே இருக்க, மற்ற விட்டம் ஐந்து மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. திங்களன்று வட்டமாகக் காட்டியது மாதக் கடைசியில் முட்டை வடிவில் நிற்கும். நடுவில் விரிசல் விடாவிட்டால் அதிருஷ்டம்.

தேர்ந்தவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பச்சை மரத்தில் கனமாகக் கடைந்து, மாதக் கணக்கில் உலர வைத்து, கோணலானதை மறுபடி ஏற்றி இறுதி வடிவுக்குக் கடைவார்கள். ஆனால் புதியவருக்குப் பொறுமை ஏது? சாலையோரம் வெட்டிப் போட்ட கிளையைக் கண்டதும் அன்றிரவே கடைய வேண்டும் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. "நீ ஒன்றைச் செய்துவிட்டதாக நினைக்கிறாய், அது இன்னும் தன்னைச் செய்துகொண்டிருக்கிறது" என்பார் சார். இதைக் கேட்டபின், முடிந்தது என்று எந்த நாளில் அறிவிப்பது?

மரத்தை விட்டு மனத்துக்கு வருவோம். இங்கே நான் உளவியல் படித்தவன் அல்லன், கண்டதைச் சொல்கிறேன். கடைசல் கற்கும்போது கையைவிடக் கண் விரைவாகத் தேறுகிறது. ஆறு மாதத்தில் நல்ல வளைவு எது, தட்டையான வளைவு எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கை அங்கே போய்ச் சேர ஆறு ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் செய்கிற எதுவும் செய்தவனுக்குப் பிடிக்காது. தொடங்கிய முதல் மாதத்தில் செய்த கோணல் பம்பரத்தை ஊரெல்லாம் காட்டியவன்தான், ஓராண்டு கழித்து நல்ல கிண்ணத்தை ஒளித்து வைக்கிறான். தேறத் தேறத் தயக்கம் கூடுகிறது என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

இதோடு ஒப்பீடும் சேர்கிறது. சாரிடம் ஆங்கிலப் புத்தகங்கள் சில உண்டு. அவற்றின் வண்ணப் படங்களில் காண்பதெல்லாம் பெரும் கைகளின் சிறந்த வேலை. அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரெஸ்தினி என்று ஒருவர். பொறியியல் படித்தவர், பள்ளியில் கணிதம் கற்பித்தவர். 1930-களில் கடைசலைத் தொடங்கி, தாள் போல் மெல்லிய மரக் கிண்ணங்களைக் கடைந்தார். அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம் பெற்றிருக்கின்றன. கணித ஆசிரியர் ஒருவரின் பொழுதுபோக்கு அவ்வளவு உயரம் போனது என்று கேட்கும்போது முதலில் ஊக்கம் வருகிறது. மறுநொடியே கையிலுள்ளது கனமாகத் தெரிகிறது. அந்தப் படங்களுக்குப் பின்னால் அடுப்புக்குப் போன கட்டைகள் எத்தனை என்று எந்தப் புத்தகமும் படம் போடுவதில்லை. எல்லோரும் நல்லதை மட்டும் காட்டுவதால் நல்லதில்லாதவர்கள் எல்லோரும் ஒளிக்கிறார்கள்.

பார்ப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரக் கிண்ணத்தைப் பார்த்தவுடன் நம்மவர் கேட்பது இரண்டே கேள்வி. "எவ்வளவுக்கு விற்கலாம்?" "இதில் என்ன வைக்கலாம்?" இரண்டும் தவறான கேள்விகள் அல்ல. ஆனால் பதில் சொல்ல முடியாதவை. விலை சொன்னால், மூன்று நாள் உழைப்புக்குக் கூலி போட்டால் எவரும் வாங்கமாட்டார். குறைத்துச் சொன்னால் அதையே நம்பிப் பிழைக்கிற கடைசல்காரரின் வயிற்றில் அடிப்பதாகும். மாதா மாதம் ஓய்வூதியம் வாங்குகிறவர் பொழுதுபோக்காகச் செய்ததைப் பாதி விலைக்குக் கொடுத்தால், பட்டறைக்காரர் என்ன செய்வார்? சாருக்கு இந்த அச்சம் உண்மையாகவே உண்டு. கடைத்தெருப் பட்டறையைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பார். அங்கிருப்பவர்கள் தம்மை என்ன நினைப்பார்களோ என்று.

பாராட்டும் உதவுவதில்லை. உறவினர் எதைக் கண்டாலும் "பிரமாதம்" என்பார்கள். அதே வாயால் அடுத்த வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளையும் பிரமாதம் என்பார்கள். காட்டியவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. காட்டாமலே இருந்திருக்கலாமே என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் 1986-லும் பிரிட்டனில் 1987-லும் மரம் கடைபவர்களுக்கான சங்கங்கள் தோன்றின. அமெரிக்கச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நீளமான மேசைகளைப் போட்டுவிடுவார்கள். வந்தவர் எவரும் தாம் செய்த எதையும் கொண்டுவந்து வைக்கலாம். தேர்வுக் குழு கிடையாது. ஐம்பது ஆண்டு அனுபவமுள்ளவரின் வேலைக்குப் பக்கத்திலேயே முதலாண்டுக்காரரின் கோணல் கிண்ணம் இருக்கும். பிறகு மூத்தவர்கள் சிலவற்றைக் கையில் எடுத்து, குறை நிறைகளை எல்லோர் முன்னும் பேசுவார்கள். கூச்சம் இயல்பாக இல்லாதவர்களாக இருந்தால் இப்படி ஒரு ஏற்பாடே தேவைப்பட்டிராது அல்லவா?

நம் வீடுகளில் உள்ள காரணம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

என் தந்தையார் கடைசல் தொழிலாளி. இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் கடைந்தவர். இரும்புக் கட்டில் வந்தது, பிளாஸ்டிக் தொட்டில் கம்பி வந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை மூன்று நாளாயிற்று. தூசியில் இருமலும் வந்தது. பள்ளியில் படிக்கும்போது பட்டறை வாசலில் நான் நின்றால், "எய்யா, இந்தத் தூசி என்னோட போகட்டும். நீ உள்ள வரப்படாது" என்பார். உளியைத் தொடக்கூட விட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். நான் உளி பிடிக்காமல் இருப்பதற்காகத்தான் அவர் இத்தனை நாள் உளி பிடித்தார். சாரின் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில் எனக்குக் கடைசல் ஒட்டிக்கொண்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இங்கிலாந்துக்காரர் தம் கிண்ணம் நன்றாக இல்லையே என்று தயங்குகிறார். என் கிண்ணம் நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது என் தயக்கம்.

தபால்காரச் சாருக்குப் பொழுதுபோக்கு. என் தந்தையாருக்குப் பிழைப்பு. ஒரே உளி, ஒரே மரம். இதற்கு இடையில் நான் எங்கே நிற்கிறேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கையில் சாரிடம் மறுபடி போனேன். வெளிநாட்டு மேசையைப் பற்றி அவர் புத்தகத்திலிருந்தே அவருக்குப் படித்துக் காட்டினேன். பெயர் எழுத வேண்டாம், விலை எழுத வேண்டாம், நம் இருவர் வேலையையும் கலந்து வைப்போம் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து மூன்றை எடுத்துத் தந்தார். நான் எதிர்பார்த்த மெல்லிய தேக்குக் கிண்ணம் அவற்றில் இல்லை. ஒன்று மாமரத்தில், முட்டை வடிவாகக் கோணியது. ஒன்றின் அடியில் விரிசல். அதில் அரக்கு உருக்கி அடைத்திருந்தார். மூன்றாவது அவர் முதலாண்டில் செய்தது, சுண்டக் காய்ச்சிய பால் சட்டி போல் கனமானது. "நல்லத வச்சா அத விட நல்லது எங்கேன்னு கேப்பாங்க. இத வை" என்றார். நுண்கலை மன்றப் பொறுப்பாளரான விரிவுரையாளர் பெயரில்லாத நான்கு கிண்ணங்களை ஏற்கத் தயங்கவில்லை. 'மரக் கடைசல்' என்று ஓர் அட்டை மட்டும் எழுதி வைத்தார்.

ஆண்டு விழா அன்று பெற்றோருக்கும் அழைப்பு. என் சேர்க்கை நாளுக்குப் பிறகு தந்தையார் கல்லூரிக்குள் வந்தது அன்றுதான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேசைகளை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தவர் மரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் தூணோரம் நின்றேன். முதல் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார். தடவினார், வைத்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படியே. பூவரசக் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது விரல் சற்று நேரம் நின்றது. சுவரைச் சுண்டி ஓசை கேட்டார். பிறகு பக்கத்தில் யாரோ இருப்பது போல, "அடி கனமாக் கெடக்கு. ரெண்டு நூல் எறக்கிருக்கலாம்" என்றார். (தச்சுக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று.)

"கிண்ணம் கைவிட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேம்ப்பா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று எண்ணினேன். "உளி யாருது?" என்றார். சொன்னேன். "தீட்டுனது சரியில்ல. நாரு பிஞ்சிருக்கு பாரு, இங்கயும் இங்கயும். நாளைக்கு அத வாங்கிட்டு வா." அவ்வளவுதான். கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த மேசையில் தீக்குச்சிக் கோபுரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று கிண்ணங்களையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்றெல்லாம் சார் கேட்கவில்லை. எத்தனை பேர் கவிழ்த்துப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டார். ஒருவர் என்றேன். யார் என்று கேட்டார். சொன்னேன். பீரோவைத் திறந்து, மெல்லிய தேக்குக் கிண்ணத்தைச் செய்தித்தாளோடு எடுத்து என் கையில் வைத்து, "அப்பாட்ட காட்டிட்டுக் கொண்டா" என்றார்.